அத்தியாயம் 9: வயதான பூனைக்கு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால்

மாத்திரையைப் பூனையின் வாய்க்குள் சேர்ப்பது பாதி வேலைதான். சேர்ந்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று கவனிப்பது மீதிப் பாதி. பலர் கோட்டை விடுவது அங்கேதான். பதினான்கு வயதுப் பூனை, மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். முதுமை, நோய், மருந்தின் பக்கவிளைவு மூன்றுமே பூனையிடம் ஒரே மாதிரிதான் தெரியும். சாப்பிடாது, கட்டிலுக்கடியில் ஒளியும், தூங்கிக்கொண்டே இருக்கும். எது எதனால் என்று பிரித்துக் காட்ட, தேதியும் நேரமும் போட்டு நீங்கள் எழுதிவைத்த ஒரு தாள்தான் மருத்துவருக்கு உதவும்.

அந்தத் தாளைத் தயார் செய்வது எப்படி, எதைக் கண்டால் எவ்வளவு வேகமாகக் கிளம்ப வேண்டும், எந்த மருந்தை நிறுத்தலாம், எதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதை இங்கே பார்ப்போம். கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பவர்களை மனத்தில் வைத்தே படிகளை அமைத்திருக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் வேறு எங்கிருந்தாலும் இவை பொருந்தும்.

தெரிந்திருக்க வேண்டிய மூன்று காரணங்கள்

பத்து வயதைத் தாண்டிய பூனையை மருத்துவர்கள் மூத்த பூனை என்று கணக்கு வைக்கிறார்கள். அந்த வயதில் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு முக்கியக் காரணங்கள் இவை:

- கல்லீரல்: சில மருந்துகளை உடைத்து வெளியேற்ற மனிதர்களிடமும் நாய்களிடமும் உள்ள ஒரு நொதி, பூனையிடம் பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. நமக்கு நான்கு மணி நேரத்தில் போய்விடும் மருந்து பூனையின் உடம்பில் தங்கி நஞ்சாகிறது.
- சிறுநீரகம்: மூத்த பூனைகளில் நாள்பட்ட சிறுநீரக நோய் மிகப் பரவலானது. பெரும்பகுதி பழுதான பிறகுதான் வெளியே தெரியும். அதுவரை மருந்து மெதுவாக வெளியேறி, அடுத்த வேளை மருந்தோடு சேர்ந்துகொள்கிறது.
- எடை: போன வருடம் ஐந்து கிலோ இருந்த பூனை இப்போது நான்கு கிலோ இருக்கலாம். பழைய அளவையே கொடுத்தால், கிலோ கணக்கில் கால்பங்கு அதிகமாகக் கொடுக்கிறீர்கள்.

மருந்து தொடங்கும் முன் ஆறு வேலைகள்

1. எடை போடுங்கள். குழந்தைகளுக்கான எடை இயந்திரம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை நின்று வித்தியாசத்தைக் குறியுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், சாப்பாட்டுக்கு முன். நான்கு கிலோ பூனைக்கு 200 கிராம் குறைவது சின்ன விஷயமல்ல.

2. பரிசோதனை கேளுங்கள். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரத்த அழுத்தம் நான்கும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன? நீண்டகால மருந்து என்றால் இவை பழையதாக இருக்கக்கூடாது.

3. முழுப் பட்டியல் எழுதுங்கள். மாத்திரை மட்டுமல்ல. தெள்ளுக்காகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து, சத்து மருந்து, வீட்டில் பூசிய தைலம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பொடி எல்லாமே அதில் வர வேண்டும்.

4. மருத்துவரிடம் நான்கு கேள்விகள். இது எதற்கு? முதலில் வரக்கூடிய பக்கவிளைவு எது? ஒரு வேளை தவறினால் என்ன செய்வது? கிளினிக் மூடிய பிறகு யாரைக் கூப்பிடுவது?

5. மூன்று நாள் ‘வழக்கம்’ எழுதுங்கள். எவ்வளவு சாப்பிடுகிறது, தண்ணீர் எவ்வளவு, மண்தட்டில் சிறுநீர்க் கட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரிது, ஈறின் நிறம், மூச்சின் எண்ணிக்கை. இயல்பு தெரியாதவருக்கு மாற்றமும் தெரியாது.

6. நாளைத் தேர்ந்தெடுங்கள். அவசரமில்லாத புது மருந்தைத் திங்கள் அல்லது செவ்வாய் காலையில் தொடங்குங்கள். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி விடுமுறைக்கு முந்தைய மாலையில் தொடங்காதீர்கள். கோளாறு வரும் நேரத்தில் கிளினிக் பூட்டியிருக்கும்.

*ஈறு பார்ப்பது எப்படி:* பூனை உங்கள் மடியில் இருக்க, மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்குங்கள். கோரைப்பல்லுக்கு மேலே ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரல்நுனியால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். செம்மஞ்சள் நிறப் பூனைகளுக்கு வயதாக ஆக ஈறிலும் உதட்டிலும் கறுப்புப் புள்ளிகள் வரும். அது இயல்பு. வெளிறல், மஞ்சள், நீலம், பழுப்பு இந்த நான்கும் இயல்பல்ல.

*மூச்சு எண்ணுவது எப்படி:* நன்றாகத் தூங்கும்போது விலாப்பகுதி ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருப்பது நல்லது. 40ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

கொடுக்கும்போது நடக்கும் தவறுகள்

- மில்லியும் மில்லிகிராமும். வலிக்குக் கொடுக்கும் மெலோக்சிகாம் திரவம், பூனைக்கானது ஒரு மில்லியில் 0.5 மில்லிகிராம், நாய்க்கானது 1.5 மில்லிகிராம். நாய் புட்டியிலிருந்து ‘அதே கோடு வரை’ எடுத்தால் மூன்று மடங்கு போய்விடும். புட்டியோடு வந்த ஊசியில்லாச் சிரிஞ்சை வேறு புட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள்.
- இன்சுலின் சிரிஞ்சு மாறுவது. புட்டியில் யூ-40 என்றிருந்தால் யூ-40 சிரிஞ்சு, யூ-100 என்றிருந்தால் யூ-100 சிரிஞ்சு. யூ-100 இன்சுலினை யூ-40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு அளவு ஏறிவிடும்.
- பாட்டியின் டப்பாவிலிருந்து எடுப்பது. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் பூனைக்கும் உண்டு. ஆனால் பல பூனைகளுக்குத் தரும் தொடக்க அளவு 0.625 மில்லிகிராம்தான். அரசாங்கக் கிளினிக்கில் பாட்டிக்குக் கொடுத்த 5 மில்லிகிராம் மாத்திரையில் அது எட்டில் ஒரு பங்கு. கத்தியால் எட்டாக வெட்டினால் துண்டுகள் சமமாக இருக்காது. மருத்துவரிடமே நறுக்கியோ அளந்தோ வாங்குங்கள்.
- மாத்திரையை உலர விழுங்க வைப்பது. டாக்சிசைக்ளின், கிளிண்டமைசின் இரண்டும் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கி, தழும்பால் குழாயையே குறுக்கிவிடும். மாத்திரை போனவுடன் 5 மில்லி தண்ணீரைச் சிரிஞ்சால் வாயோரம் மெதுவாக விடுங்கள். அல்லது ஒரு கரண்டி ஈரச் சாப்பாடு கொடுங்கள்.
- வீட்டில் இரண்டு பேர் கொடுப்பது. அம்மா காலையில் கொடுத்ததை மறந்து மகன் மறுபடி கொடுப்பான். ஐஸ்பெட்டிக் கதவில் தாளை ஒட்டி, கொடுத்தவர் அங்கேயே கையெழுத்துப் போடட்டும்.
- ஒரே நாளில் இரண்டு புது மருந்து. வாந்தி வந்தால் எதனால் என்று தெரியாது. மருத்துவர் சம்மதித்தால் சில நாள் இடைவெளி விடுங்கள்.

*குறிப்பு:* கசப்பான மருந்து நாக்கில் பட்டதும் பூனை நுரை தள்ளி, தலையை உதறும். சில நிமிடங்களில் அடங்கிவிட்டால் அது கசப்புக்குத்தான், ஒவ்வாமை அல்ல. மெட்ரோனிடசோலுக்கு இது அடிக்கடி நடக்கும். உறையில் போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள்.

மருந்து வாரியாக எதைக் கவனிப்பது

வலி, வீக்க மருந்துகள் (மெலோக்சிகாம், ரோபெனகாக்சிப்): சாப்பாடு குறைவது முதல் எச்சரிக்கை. பிறகு வாந்தி, கறுப்பு மலம், சிறுநீர் கூடுவது அல்லது நின்றுபோவது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2010இல் பூனைக்கு மெலோக்சிகாமைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது சிறுநீரகச் செயலிழப்புக்கும் மரணத்துக்கும் கொண்டுபோகலாம் என்று கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது. வேறு பல நாடுகளில் மிகக் குறைந்த அளவில், பரிசோதனையோடு, நீண்டகாலம் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுக்கையில் உடம்பில் நீர்ச்சத்து குறையவே கூடாது. தண்ணீர் வெட்டு அறிவித்தால் உங்கள் வாளிகளோடு பூனைக்கும் ஒரு பாட்டில் பிடித்து வையுங்கள். பூனை சாப்பிடாத நாளில் இந்த மருந்தைக் கொடுக்காதீர்கள்.

பிரெட்னிசொலோன்: தண்ணீரும் பசியும் சிறுநீரும் கூடும். ஓரளவு எதிர்பார்க்க வேண்டியதே. ஆனால் நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினால் நீரிழிவு வந்திருக்கலாம். மேலே சொன்ன வலி மருந்தையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால் குடலில் புண் வரலாம்.

தைராய்டு மருந்து (மெதிமசோல், கார்பிமசோல்): வாந்தி, பசியின்மை வரலாம். சில பூனைகள் முகத்தையும் கழுத்தையும் இரத்தம் வரச் சொறியும். அப்படிச் சொறிந்தால் உடனே சொல்ல வேண்டும். பெரும்பாலான தொந்தரவுகள் முதல் மூன்று மாதத்துக்குள் வரும் என்பதால் அந்தக் காலத்தில் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று: மிகையான தைராய்டு, சிறுநீரக நோயை மறைத்து வைத்திருக்கும். தைராய்டு அடங்கியதும் அது வெளியே வரும். மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று நினைக்க வேண்டாம். காதில் தடவும் களிம்பு என்றால் கையுறை போடுங்கள். கர்ப்பிணிகள் இந்த மருந்தைத் தொட வேண்டாம்.

என்ரோஃப்ளோக்சசின்: இந்த ஆன்டிபயாட்டிக் அளவு மிஞ்சினால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும். ஒரு நாளைக்கு, ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. வயதும் சிறுநீரக நோயும் ஆபத்தைக் கூட்டும். வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருந்தால், நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டால், அன்றைக்கே போங்கள்.

மிர்ட்டசபின் (பசி மருந்து): அளவு கூடினால் இரவெல்லாம் கத்தும், நடந்துகொண்டே இருக்கும், நடுங்கும். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு இடைவெளியை நீட்ட வேண்டியிருக்கும்.

கேபபென்டின்: தள்ளாட்டமும் தூக்கமும் வரும். முதல் சில நாளில் குறையும். அதுவரை உயரமான இடங்களில் ஏறவிடாதீர்கள். பால்கனிக் கதவைச் சாத்திவையுங்கள்.

இன்சுலின்: சர்க்கரை இறங்கினால் பலவீனம், தள்ளாட்டம், வெறித்த பார்வை, பிறகு வலிப்பு.

எவ்வளவு வேகமாகக் கிளம்ப வேண்டும்

*இந்த நிமிடமே:*
- வாயைத் திறந்து மூச்சுவிடுதல், நீல அல்லது பழுப்பு ஈறு
- முகம், பாதம் வீங்குதல்
- வலிப்பு, நிற்காத நடுக்கம், எழுப்பினால் எழாமை
- திடீர்க் குருட்டுத்தனம்
- மனிதர்களின் மாத்திரையைத் தின்றது தெரிந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும்

*இன்றைக்குள்:*
- 24 மணி நேரமாக எதுவும் சாப்பிடாமை
- இரண்டு, மூன்று முறை வாந்தி, கறுப்பு மலம்
- மஞ்சள் நிற ஈறு அல்லது காதின் உட்புறம்
- 12 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை
- முகத்தைச் சொறிந்து புண்ணாக்குதல்

*போனில் கேட்டு, கவனித்துப் பார்க்கலாம்:*
- ஒருமுறை வாந்தி, பிறகு வழக்கம்போல் சாப்பிடுதல்
- லேசான தூக்கம், இளகிய மலம்

பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து, அதுவே புது நோயாகிவிடும். ‘பசித்தால் தானாகச் சாப்பிடும்’ என்பது பூனைக்குப் பொருந்தாது.

நிறுத்தலாமா, கூடாதா

- அடுத்த வேளையை நிறுத்தி, மருத்துவரை அழைக்கலாம்: வலி மருந்துகள், பசி மருந்து, தைராய்டு மருந்து, ஆன்டிபயாட்டிக். கடைசி இரண்டுக்கும் அன்றைக்கே பதில் வாங்கிவிடுங்கள்.
- திடீரென்று நிறுத்தக்கூடாது: நீண்ட நாள் கொடுத்த பிரெட்னிசொலோன், வலிப்பு மருந்து, இதய மருந்து, இரத்த அழுத்த மருந்து. இவற்றைப் படிப்படியாகக் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் வேலை.
- இன்சுலின்: பூனை சாப்பிடவில்லை என்றால் வழக்கமான அளவைப் போடாதீர்கள். போடுவதற்கு முன் போன் செய்யுங்கள்.

வாந்தியோடு மாத்திரை வெளியே வந்துவிட்டது என்று நினைத்து இன்னொன்று கொடுப்பது பலர் செய்யும் தவறு. எவ்வளவு உள்ளே போனது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த வேளையை விட்டுவிடுங்கள்.

அவசரத்தில் ஏழு படிகள்

1. மீதி மருந்தை எடுத்து மூடிவையுங்கள். தோலில் பட்டிருந்தால் அந்த இடத்தை நக்காதபடி துவாலையால் சுற்றுங்கள்.
2. நேரத்தைக் குறித்து, பூனை செய்வதை அரை நிமிடம் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். கிளினிக் போய்ச் சேரும்போது நடுக்கம் நின்றிருக்கலாம்.
3. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், ஹைட்ரஜன் பெராக்சைடு, பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். பூனைக்கு இவை கூடுதல் கேடு.
4. இன்சுலின் போடும் பூனை தள்ளாடினால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்துகொண்டிருந்தால் வாய்க்குள் விரல் விடாதீர்கள். தெளிந்தால் சாப்பாடு வையுங்கள். தெளிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.
5. தெள்ளுக்காக நாய்க்கு விடும் சொட்டு மருந்து பட்டு, பூனை தெளிவாக இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து அந்த இடத்தைக் கழுவி, துடைத்து, சூடாக வையுங்கள். வலிப்பு இருந்தால் கழுவாமல் கிளம்புங்கள்.
6. போன் செய்து, வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் கிளினிக் மூடியிருந்தால் இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண் ஏற்கெனவே கைப்பேசியில் இருக்க வேண்டும். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. அவசர நோயாளிகளை எந்த நேரத்தில் ஏற்கிறார்கள் என்று இன்றே விசாரித்து எழுதிவையுங்கள்.
7. மருந்து டப்பா, தாள், வாந்தியின் படம் மூன்றையும் கூண்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

*பயணக் குறிப்பு:* கூண்டைப் பரண்மேல் ஏற்றி வைக்காதீர்கள். கதவருகே வைத்தால் பூனையும் பழகும், லிஃப்ட் பழுதான நாளிலும் நேரம் மிச்சமாகும். மோட்டார் சைக்கிள் வேண்டாம். மாலை நேரத்தில் ஃபெடரல் நெடுஞ்சாலையும் பழைய கிள்ளான் சாலையும் நகராது என்பதால், ‘இன்றைக்குள்’ என்ற வகைக்கு மாலை வரை காத்திருக்காமல் காலையிலேயே கிளம்புங்கள்.

வீட்டு அலமாரியில் இருக்கும் ஆபத்துகள்

- பெனடோல்: பூனைக்குப் பாதுகாப்பான பாரசிட்டமால் அளவு என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு கிலோ பூனையைக் கொல்லப் போதும். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு சாக்லேட் நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். நச்சுமுறி மருந்து உண்டு, ஆனால் மணிக்கணக்கில் தாமதித்தால் பயன் குறையும்.
- இபுபுரோஃபென், டிக்ளோஃபெனாக், பொன்ஸ்டான்: குடலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.
- கோடாலித் தைலம், நீலகிரித் தைலம், வலி களிம்புகள்: பூனையின் காலில் ‘வாயு’ என்று தேய்க்காதீர்கள். நக்கியே உள்ளே இழுத்துவிடும். உங்கள் முழங்காலில் தேய்த்திருந்தால் காயும்வரை பூனையை மடியில் வைக்காதீர்கள்.
- முடி வளர மினொக்சிடில்: தலையணையில் பட்டதை நக்கினாலே ஆபத்து.
- நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு: நடுக்கம், வலிப்பு. ஒரே வீட்டில் நாய்க்கு விட்டாலும் பூனையைத் தள்ளிவையுங்கள்.
- டயசிபம்: வாய்வழி கொடுத்த சில பூனைகளுக்குக் கல்லீரல் சில நாளில் செயலிழந்திருக்கிறது.

டெங்கிக்குப் புகையடிக்கும் மாலையில் ஜன்னலை மூடி, தண்ணீர்க் கிண்ணத்தை மூடிவைத்து, பூனையை உள்ளறையில் விடுங்கள். அன்றிரவு நடுக்கம் வந்தால், புகையடித்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் பழி புது மாத்திரை மேல் விழும்.

வாங்கும்போது

மலேசியாவில் பதிவான மருந்தின் பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். விலங்குகளுக்கானது என்றால் இலக்கங்களுக்குப் பின் ஹெச் என்ற எழுத்து வரும். இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும் எண்ணில்லாப் புட்டியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாம் அடங்கிய பிறகு

1. மருத்துவ அட்டையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: மருந்தின் பெயர், அளவு, எத்தனையாவது நாள், என்ன நடந்தது. ‘ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கொள்ளாது’ என்று பொதுவாக எழுதினால் அடுத்த மருத்துவர் நல்ல மருந்துகளையும் ஒதுக்கிவிடுவார்.
2. அளவு கூடியதால் வந்த கோளாறா, அந்த மருந்தே ஆகாதா என்று கேளுங்கள். முதலாவது என்றால் குறைந்த அளவில் மறுபடி தொடங்க வாய்ப்புண்டு. இரண்டாவது என்றால் அந்தப் பெயர் வாழ்நாள் முழுதும் பட்டியலில் இருக்கும்.
3. மருந்துகளைப் பதிவு செய்யும் தேசிய ஒழுங்குமுறை அமைப்பு பெட்டாலிங் ஜெயாவிலேயே இருக்கிறது. பக்கவிளைவை அவர்களுக்கும் தயாரிப்பாளருக்கும் தெரிவிக்கும்படி மருத்துவரைக் கேளுங்கள். வேறொரு வீட்டுப் பூனைக்கு அது எச்சரிக்கையாகும்.
4. மறுபரிசோதனை நாளைக் குறித்துக்கொண்டே கிளினிக்கை விட்டு வெளியே வாருங்கள். சிறுநீரகம் தாக்கப்பட்டிருந்தால், பூனை நன்றாகச் சாப்பிடுகிறது என்பதற்காக அந்த நாளை விட்டுவிடக்கூடாது.
5. மீந்த மாத்திரைகளை ‘அடுத்த தடவைக்கு’ என்று வைக்காமல் கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுங்கள். அடுத்த தடவை பூனையின் எடையும் சிறுநீரகமும் வேறாக இருக்கும்.